ஸ்டாண்டு போடும் சத்தம்

பில்லூர் தண்ணீரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டு மாதம் அதை நான் பேசாத பேச்சில்லை.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. உடம்புக்கு எது வந்தாலும் முதல் பழி தண்ணீர் மேல்தான். ருசிக்குப் பேர்போன சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த திமிர், வேறென்ன! நான் பிறந்து வளர்ந்தது சிறுவாணி வரும் வீதியில். வாழ்க்கைப்பட்டு வந்த பீளமேட்டு வீட்டுக் குழாயில் வருவது பில்லூர் தண்ணீர். பதினைந்து வருடம் அதைத்தான் குடித்தேன், சமைத்தேன், தலைக்கு ஊற்றினேன். ஒரு குறையும் இல்லை. பதினாறாவது வருடம் பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பித்தது. சீப்பை எடுத்தால் கொத்தாக முடி வந்தது. சாப்பிட்டால் வயிறு எரிந்தது, சாப்பிடாவிட்டால் இன்னும் எரிந்தது. காலையில் எழுந்தால் இரண்டு தாடையும் விடிய விடிய கரும்பு கடித்ததுபோல் வலித்தன. கழுத்து திரும்பாது. யாராவது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்பிப் பார்ப்பேன். "தண்ணி சேரலீங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

பாவம் என் கணவர். மில்லில் ஷிப்ட் முடிந்து வந்ததும் வண்டியில் இரண்டு கேன்களைக் கட்டிக்கொண்டு வடவள்ளிக்குப் போவார். அங்கே அவருடைய அக்கா வீடு. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கை வீட்டில் சிறுவாணி வரும். ஊரின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக, அத்தனை சிக்னலிலும் நின்று, குடிக்கிற தண்ணீரைக் கொண்டு வந்து சேர்ப்பார் மனிதர். ஒரு நாள் நங்கை போனில் கேட்டே விட்டார்: "ஏனுங்க அம்மணி, வெறுங் கேனு மட்டும் வந்து வந்து போகுதுங்களே, நீங்க எப்பங்க வருவீங்க?"

"வாரனுங்க நங்கை, இந்த சீசன் முடியட்டும்," என்றேன். அப்போது எல்லாவற்றுக்கும் என்னிடம் அந்த ஒரே பதில்தான் இருந்தது.

சீசன் என்றது மோட்டார் சீசன். பம்ப்செட் மோட்டார் செய்யும் கம்பெனியில் எனக்கு டிஸ்பேட்ச் வேலை. எந்த மோட்டார், எந்த லாரியில், எந்தத் தேதியில் ஏறும் என்று சொல்ல வேண்டியவள் நான். வெயில் ஏற ஏறக் கிணறுகளில் தண்ணீர் இறங்கும், தோட்டங்களில் மோட்டார்கள் புகையும், கடைக்காரர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். "ஏனுங்க, நம்ம இருவது மோட்டாரு நாளைக்கு வந்துருமுங்களா?" என்பார் கோபிசெட்டிபாளையத்துக்காரர். "செரிங்க, ஏத்திப்போடறனுங்க," என்பேன். அந்த மோட்டார்களுக்கு அப்போது கம்பி சுற்றும் வைண்டிங் வேலையே முடிந்திருக்காது! அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் வாய் "செரிங்க" என்றுவிடும். முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்வது எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று கேட்காமல் அனுப்புவதற்குச் சமம். முதலாளி கேட்டாலும் செரிங்க. பக்கத்து மேசைக்காரர் தன் வேலையை என் தலையில் கட்டினாலும் செரிங்க. வீதிப் பிள்ளையார் கோயிலுக்குப் பொங்கல் வைக்க ஆள் இல்லை என்றாலும் செரிங்க. எல்லாம் சிரித்த முகமாகத்தான். ஆபீசில் எனக்குக் கோபமே வராத அம்மணி என்று பெயர்.

வீட்டில் அப்படி யாரும் சொன்னதில்லை. எனக்கு ஒரே மகள், எட்டாம் வகுப்பு. தண்ணீர் பாட்டிலை மூடாமல் வைத்தாள் என்று ஒரு நாள் கத்தினேன். இறுக்கி மூடிவிட்டாள், திறக்க வரவில்லை என்று மறுநாள் கத்தினேன். அதற்கும் தண்ணீர்தான் காரணம் என்று நான் சொல்லாமல் விட்டது ஆச்சரியம்.

பங்குனியில் ஒரு நாள் என் ஸ்கூட்டரை சர்வீசுக்கு விட்டிருந்தேன். டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, வீதி முனையிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்குள் திருவிழா! பாட்டு காதைப் பிளந்தது. மகள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, செல்போனை மாவுப் பாத்திரத்தில் சாய்த்து வைத்து, அதில் பார்த்துப் பார்த்துக் கைதட்டிக் குதித்துக்கொண்டிருந்தாள். என் கணவர் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தபடி தலையாட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சிரிப்பு. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். இந்தக் குழந்தை இவ்வளவு அழகாகச் சிரிப்பாளா!

அப்போது அவள் என்னைப் பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் பாட்டு நின்றது, துப்பட்டா அவிழ்ந்தது, மடியில் கணக்குப் புத்தகம் வந்து உட்கார்ந்தது. என் கணவர் வெங்காயத் தட்டோடு சமையலறைக்குள் போய்விட்டார்.

"அம்மா... ஸ்டாண்டு சத்தமே கேக்கலீங்களே?" என்றாள், திக்கித் திக்கி.

"என்ன ஸ்டாண்டு?"

அவள் சமையலறைப் பக்கம் பார்த்தாள். அங்கிருந்து உதவி வரவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீங்க வண்டிக்கு ஸ்டாண்டு போடற சத்தம்மா. 'டக்'குன்னு மெதுவா கேட்டா நல்ல நாளு. 'டமால்'னு கேட்டா நான் ரூமுக்குப் போயிருவேன். அப்பா சமையக்கட்டுக்குப் போயிருவாங்க."

"எத்தன நாளா?"

"பொங்கல்ல இருந்துங்கம்மா."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, ஆமாம், பொய் சொல்வானேன். "நானென்ன புலியா, சிங்கமா?" என்று வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டு, அது என்ன ஆட்டம் என்று கேட்டேன். வள்ளி கதையைப் பாடிக் கைதட்டி ஆடும் வள்ளி கும்மி. நங்கை வடவள்ளியில் வகுப்பில் சேர்ந்திருக்கிறாராம். வைகாசியில் முந்நூறு பேர் சேர்ந்து அரங்கேற்றம். மகளையும் சேரச் சொல்லி வீடியோ அனுப்பியிருக்கிறார்.

"அதுக்கு எங்கிட்டக் கேக்கறதுக்கென்ன கண்ணு?"

"நல்ல நாளாப் பாத்துக் கேக்கலாம்னு இருந்தனுங்க. மூணு வாரமா நல்ல நாளே வரலீங்களே."

அவள் குறையாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் வரவில்லை என்பதுபோலச் சொன்னாள். நான் வாசல் படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். வெட்கத்தில் காது சுட்டது. ஊரெல்லாம் என்னைத் தங்கமான அம்மணி என்கிறது, பெற்ற பிள்ளை என் வண்டிச் சத்தத்துக்குப் பயந்து ஒளிகிறாள். என் கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "தண்ணியில ஒண்ணுமில்லீங்க அம்மணி," என்றார். இரண்டு மாதமாக இதைச் சொல்ல அவருக்கும் நல்ல நாள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அங்கே உட்கார்ந்தபோது எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. என் வண்டிச் சத்தம் கேட்டால் அவள் ஓடி ஒளியக் கூடாது. அவ்வளவுதான்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு டாக்டரிடம் போனேன். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. வயிறு, தாடை, கழுத்து, முடி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ரத்த அழுத்தம் பார்த்தார். கொஞ்சம் ஏறியிருந்தது. தூக்கம் எப்படி என்றார். படுத்தால் லாரி நம்பர்கள் ஓடும் என்றேன். டீ எத்தனை என்றார். எண்ணியதில்லை என்றேன். வீட்டில் கோபம் வருமா என்றார். ஸ்டாண்டு கதையைச் சொன்னேன், சொல்லும்போது அழுதுவிட்டேன்.

"இது மன அழுத்தமுங்க," என்றார்.

"எனக்குங்களா? நான் எப்பவும் சிரிச்ச முகமா இருக்கறவ டாக்டர்!"

"மூஞ்சி சிரிக்குதுங்க. தாடைதான் இறுகிக் கெடக்குது." எழுதிக்கொண்டே சொன்னார்: அவசரம் வந்தால் உடம்பு முறுக்கிக்கொள்வது நல்லதுதான், வேலை நடக்கும்; அவசரம் போன பிறகும் முறுக்கு இறங்காமல் நின்றால்தான் கேடு. வயிற்றுக்கு மாத்திரை கொடுத்தார். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், மத்தியானத்துக்கு மேல் டீ வேண்டாம், தினமும் உடம்பு வேர்க்க ஏதாவது செய்ய வேண்டும், ஒரு மாதம் கழித்து வந்து மறுபடி அழுத்தம் பார்க்க வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார். "ஒரு வாரம் தாடையக் கவனிங்க. எப்ப இறுகுதுன்னு மட்டும் பாருங்க."

கோளாறு கண்டுபிடிக்கச் சொன்னால் எங்கள் கம்பெனி ஆட்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். எனக்கு உற்சாகமே வந்துவிட்டது! லோடு நோட்டின் கடைசிப் பக்கத்தில், தாடை இறுகும்போதெல்லாம் நேரத்தையும் காரணத்தையும் எழுதினேன். லாரி தாமதமா, வெயிலா, முதலாளி சத்தமா என்று பார்த்தால், ஒன்றுமே இல்லை! முதலாளி கத்தும்போது என் தாடை பாட்டுக்குத் தேமே என்று இருந்தது. ஒவ்வொரு முறையும் அது கடித்துக்கொண்டது நான் "செரிங்க" சொல்லி போனை வைத்த அடுத்த நிமிடம். முடியாது என்று தெரிந்தே தலையாட்டிய அத்தனை முறையும். நோட்டைப் பார்த்து நானே சிரித்தேன். அட, கையும் களவுமாகப் பிடித்துவிட்டேனே! அன்று ராத்திரி நோட்டை மகளிடமும் காட்டினேன்.

பிடித்தது சுலபம், விடுவது சுலபமாக இல்லை. மறுநாளே கோபிசெட்டிபாளையத்துக்காரர் கூப்பிட்டார். பதினைந்து மோட்டார், நாளைக்கே வேண்டும். எழுந்து நின்றுகொண்டேன். "நாளைக்கு ஆகாதுங்க. வெள்ளிக்கெழம சாயங்காலம் உங்க கடையில எறங்குமுங்க," என்றேன். போச்சு, பதினைந்து வருடப் பழக்கம் போச்சு என்று நினைத்தேன்.

"நெசமாவே வெள்ளிக்கெழமைங்களா?" என்றார்.

"நெசமாவேங்க."

"அப்பச் செரிங்க. வழக்கமா நீங்க நாளைக்குன்னா நாங்க மூணு நாள் சேத்திக்குவமுங்க. இன்னிக்குத்தான் ஒழுங்காத் தேதி சொல்லியிருக்கறீங்க!"

எனக்கு விழுந்து விழுந்து சிரிக்கத் தோன்றியது. அழவும் தோன்றியது. வருடக்கணக்காக நான் தாடையைக் கடித்துச் சொன்ன "செரிங்க"வை ஒருத்தரும் நம்பவே இல்லை! அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வண்டியில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

மகளைக் கும்மி வகுப்பில் சேர்த்தாயிற்று. வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருந்து கூட்டிக்கொண்டு வருவது என்பது ஏற்பாடு. முதல் நாளே நங்கை என்னை உட்கார விடவில்லை. "தண்ணிக்குத்தான் வரல, ஆட்டத்துக்காச்சும் வாங்க!" என்று கையைப் பிடித்து மைதானத்துக்குள் இழுத்துவிட்டார். அம்மாடி, என்ன கூட்டம்! பள்ளிக்கூடப் பிள்ளைகள், மில் வேலை முடித்து வந்தவர்கள், ஐடி கம்பெனி அட்டையைக் கழற்றாமலே வந்த பெண்கள், அறுபது வயதுக்காரர்கள். வாத்தியார் என்னைவிடப் பத்து வயது சின்னவர். மைக்கைப் பிடித்துப் பாட ஆரம்பித்தால் மைதானமே கிளம்பிவிடும். இரண்டு எட்டு முன்னே, ஒரு தட்டு, ஒரு குதி, திரும்பு! நான் திரும்பியபோது என் எதிரே எல்லோருடைய முகமும் தெரிந்தது.

"ஏனுங்க அந்த நீலச் சுடிதார் அம்மணி," என்றது மைக். "எல்லாரும் இந்தப் பக்கம் வாராங்க, நீங்க மட்டும் எந்த ஊருக்குங்க கெளம்பிட்டீங்க?"

முந்நூறு பேரும் சிரித்தார்கள். என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் மூச்சு வாங்க நின்று சிரித்தேன். பத்து நிமிடத்தில் வேர்த்துக் கொட்டியது. காலை மாற்றாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர என் தலைக்குள் ஒன்றும் இல்லை. லாரி நம்பர் ஒன்றுகூட இல்லை! அன்று படுத்ததுதான் தெரியும். காலையில் அலாரம்தான் எழுப்பியது.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் என் வாய் இருக்கிறதே, அது வேலையைக் காட்டியது. அரங்கேற்றத்துக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சேலை. விழாக்குழுவிலிருந்து ஓர் அக்கா வந்தார். "மோட்டாரையே வடக்க வரைக்கும் அனுப்பறவீங்க. முந்நூறு சேலை எடுத்து, பேரு எழுதி, பிரிச்சுக் குடுக்கறது உங்களுக்குப் பெரிசுங்களா?" என்றார்.

"செரிங்க," என்றேன். தூரத்தில் நின்ற என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவ்வளவுதான், ஆட்டம் போய்ச் சேலை வந்தது. சாப்பாட்டு நேரத்தில் சேலை போன். மஞ்சள் பார்டரா, அரக்கு பார்டரா? என் பெயர் விட்டுப்போச்சுங்களே, என் தங்கச்சிக்கும் ஒன்று சேர்க்க முடியுங்களா? மைதானத்தில் எல்லோரும் ஆடுவார்கள், நான் ஓரத்தில் பேனாவோடு நிற்பேன். ஒரு வாரம் கழித்து வகுப்பு முடிந்து இருவரும் வீட்டுக்கு வந்தோம். நான் வண்டியை நிறுத்தினேன். டமால்.

பின்னால் உட்கார்ந்திருந்தவள் இறங்கினாள். உள்ளே போனாள். அவள் அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

தாடையில் கை வைத்துப் பார்த்தேன், கல். அங்கேயே, வண்டிப் பக்கத்தில் நின்றபடி அந்த அக்காவைக் கூப்பிட்டேன். "சேலை வேலை என்னால ஆகாதுங்கக்கா. எழுதுன வரைக்கும் லிஸ்ட்டு குடுத்தர்றேன். ஆட மட்டும் வாரனுங்க," என்றேன்.

"ஒத்துக்கிட்டுப் பாதியில இப்படிச் சொன்னா எப்படிங்க?" என்றார். குரலில் சூடு இருந்தது.

"தப்புதானுங்க. மொதல்லயே சொல்லியிருக்கோணும்," என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். அடுத்த இரண்டு வகுப்புக்கு என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஏன் இல்லாமல்? ஒருத்தர் என்மேல் கோபமாக இருக்கிறார் என்பதை அதற்கு முன் இரண்டு நாள்கூட நான் பொறுத்ததில்லை. ஓடிப்போய் ஏதாவது செய்து கொடுத்துச் சரிக்கட்டியிருப்பேன். இந்த முறை ஓடவில்லை. மூன்றாவது வகுப்பில் அவரே வந்து, "கால மாத்தி வெக்கறீங்க," என்று திருத்திவிட்டுப் போனார். முதலாளியிடமும் அரங்கேற்ற நாளைப் பற்றி ஒரு வாரம் முன்பே சொன்னேன்: மூன்று மணி வரை ஏற்றிவிடுகிறேன், அதற்கு மேல் ஆகாதுங்க. முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும்.

அரங்கேற்றம் அன்று கோயில் மைதானத்தில் எள் விழ இடமில்லை. முந்நூறு பேரும் ஒரே அரக்குப் பார்டர். மேளம் விழுந்தது, வாத்தியார் குரல் எழுந்தது, புழுதி கிளம்பியது. எனக்கு முன்வரிசையில் மகள், பக்கத்தில் நங்கை. இரண்டு மணி நேரம்! இரண்டு முறை தப்பான பக்கம் திரும்பினேன். இரண்டு முறையும் யார்மேலோ மோதிச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தேன். கடைசிப் பாட்டு முடிந்ததும் மகள் ஓடி வந்து என்மேல் விழுந்தாள். இருவரும் வேர்வையில் ஊறிக் கிடந்தோம். நங்கை சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தார். எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை, மடமடவென்று குடித்தேன்.

டாக்டரிடம் போனபோது அழுத்தம் இறங்கியிருந்தது. கேன்கள் மொட்டை மாடியில் கறிவேப்பிலைச் செடிகளுக்குத் தொட்டியாகிவிட்டன. எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது, முனிவராகிவிட்டேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிப்பார். சீசன் முடிந்தால் கடைகளில் விற்காமல் திரும்பி வரும் மோட்டார்கள் இருக்கின்றன, அதற்கு ஒரு தலைவலி தனியாக.

ஆனியில் அப்படி ஒரு நாள். காலையிலிருந்து போன் ஓயவில்லை. வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். நினைத்துச் செய்யவில்லை, கால்தான் செய்தது. டமால்!

ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே நின்றேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்த பாட்டு நிற்கப் போகிறது, அறைக் கதவு சாத்தப் போகிறது என்று காத்திருந்தேன். பாட்டு நிற்கவில்லை. வாசல் கதவு படீரென்று திறந்தது. மகள் வெறுங்காலோடு கேட் வரைக்கும் ஓடி வந்தாள்.

"அம்மா! இன்னிக்கு ஆருக்குங்க செரின்னு சொல்லிப்போட்டீங்க?"

"ரெண்டு பேத்துக்குங்க அம்மணி," என்றேன்.

"அப்ப போன எடுங்க," என்றாள்.

ஹெல்மெட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தேன். "ஏனுங்க, மத்தியானம் செரின்னு சொன்னனுங்களே, அது ஆகாதுங்க," என்று நான் பேசி முடிக்கும் வரை, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவள் என் பக்கத்திலேயே நின்றாள்.